பாட்டில் சட்டையின் பச்சைக் கணக்கு

போன வாரம், வாக்கிங் போக ஒரு டி-ஷர்ட் வாங்கலாமே என்று கடைக்குப் போனேன். கழுத்தோரம் பச்சை அட்டை ஒன்று தொங்கியது. பழைய பிளாஸ்டிக் பாட்டில்களை உருக்கிச் செய்ததாம். சாதா டி-ஷர்ட்டைவிட இருநூறு ரூபாய் ஜாஸ்தி. 'பூமியையே காப்பாத்தறீங்க சார்' என்றார் விற்பனைப் பையன்.

நிஜமாகவா?

விஷயம் புதிதில்லை. அமெரிக்காவின் படகோனியா நிறுவனம் 1993-லேயே பாட்டிலில் இருந்து குளிர்ச் சட்டை தைத்தது. 2015-ல் நம் கிரிக்கெட் அணிக்கு நைக்கி கொடுத்த உடையில், செட்டுக்குச் சராசரியாக 33 பாட்டில்கள் என்று விளம்பரம் செய்தார்கள். 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த நீல ஜாக்கெட்டும் பாட்டில் துணிதான்.

நான் பி.காம். படித்தவன். வரவை மட்டும் எழுதிய கணக்கைப் பார்த்தால், செலவு எங்கே என்று கை தானாகத் தேடும். வாருங்கள், சேர்ந்தே தேடுவோம்.

பாட்டிலை உருக்கித் திரும்பவும் பாட்டிலாக்க முடியும். சட்டையாக்கிவிட்டால் பெரும்பாலும் அதுதான் கடைசி ஸ்டாப். இழுத்தால் விரிய வேண்டும் என்று எலாஸ்டேன் இழையைக் கலக்கிறார்கள். மேலே சாயம், பிரிண்ட் வேறு. இதையெல்லாம் பிரித்து எடுக்க ஆகும் செலவுக்குப் புதுத் துணியே நெய்துவிடலாம். அதனால் பழைய சட்டை போய்ச் சேரும் இடம் குப்பைமேடு.

அடுத்து, துவைப்பது. ஒரே ஒரு செயற்கை இழை உடையை ஒரு தடவை மெஷினில் போட்டால் 1,900-க்கும் மேற்பட்ட நுண்ணிழைகள் உதிரலாம் என்று 2011-ல் ஓர் ஆய்வு சொன்னது. பாட்டிலில் இருந்து வந்தாலும் பாலியஸ்டர் பாலியஸ்டர்தான். சாக்கடை வழியாகக் கடலுக்குப் போகும்.

மழைக்கோட்டில் தண்ணீர் ஒட்டாமல் இருக்கப் பூசும் 'பிஃபாஸ்' ரசாயனங்கள் லேசில் அழியாதவை. கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் 2025 ஜனவரியில் இருந்து உடைகளில் அவற்றுக்குத் தடை போட்டுவிட்டன. பாட்டில் துணி மேல் அதைப் பூசிவிட்டுப் பச்சை அட்டை மாட்டினால், அதற்குப் பெயர் என்ன?

செலவை எழுதாத கணக்கு என்ன செய்யும் என்று திருப்பூரைக் கேளுங்கள். லாபம் ஏட்டில் ஏறியது, சாயம் நொய்யலில் இறங்கியது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய தண்ணீர் விவசாயிக்கு விஷமானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, எழுதாமல் விட்ட செலவு மொத்தமாக வந்து நின்றது. அதைச் சுமந்தவர்களில் தொழிலாளியும் உண்டு.

பாட்டில் துணியே கூடாது என்கிறேனா? இல்லை. கச்சா எண்ணெயில் இருந்து புதிதாகச் செய்யும் பாலியஸ்டரைவிட அதற்குப் புகை குறைவு. அந்த வரவை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், ஒரே இழையில் நெய்யுங்கள். நூலாக இழுக்கும்போதே வண்ணத்தைக் கலந்து தண்ணீரை மிச்சப்படுத்துங்கள். பழைய சட்டையைத் திரும்ப வாங்கி மறுபடி நூலாக்குங்கள். அந்தச் செலவைத் திருப்பூர்க்காரர் தலையில் கட்டாமல், பிராண்டுகளே விலையில் சேர்த்துக் கொடுக்கட்டும். பிறகு எத்தனை அட்டை வேண்டுமானாலும் தொங்கவிடுங்கள்.

அடுத்த முறை கடையில் நீங்களும் கேளுங்கள்: 'எத்தனை வருஷம் உழைக்கும்? கிழிந்தால் திரும்ப எடுத்துப்பீங்களா?'

நான் கேட்டேன். பையன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'அதெல்லாம் போடலை சார்!'

டி-ஷர்ட் வாங்காமல் வந்துவிட்டேன். பீரோவில் ஏற்கெனவே ஏழு இருக்கின்றன.