தொழிலதிபர் அமைச்சரானால்...: டி.டி.கே. அரசியல் வாழ்வு விட்டுச்சென்ற கேள்வி

ஸ்ரீ விஜயபுரம்: அந்தமான் தலைநகரின் அபர்டீன் பஜாரில் விற்பனையாகும் சோப்பு, பேனா, பிரஷர் குக்கர் என எதுவாயினும், பெரும்பாலும் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ கப்பலேறி வந்ததாகவே இருக்கும். தமிழ் வணிகர்களும் கடை நடத்தும் அந்தக் கடைவீதியில், உற்பத்தியாளருக்கும் நுகர்வோருக்கும் இடையே நிற்கும் விநியோகஸ்தரின் வலிமையை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அத்தகைய விநியோகத் தொழிலிலிருந்து எழுந்து இருமுறை நாட்டின் நிதியமைச்சரானவர் டி.டி.கே. என்று அறியப்பட்ட டி.டி. கிருஷ்ணமாச்சாரி. இருமுறையும் அவர் பாதியிலேயே பதவி விலகினார். கிரேட் நிக்கோபார் தீவின் கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பரிமாற்றத் துறைமுகம் உள்ளிட்ட பெருந்திட்டங்கள் முன்னெடுக்கப்படும் இந்நாளில், தொழிலும் அதிகாரமும் சந்திக்கும் இடத்தில் என்ன நேரும் என்பதை அவரது வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

வணிகத்திலிருந்து அமைச்சரவைக்கு

1899-ல் சென்னையில் பிறந்த கிருஷ்ணமாச்சாரி, 1928-ல் தம் பெயரில் நிறுவனம் தொடங்கி, வெளிநாட்டு நுகர்பொருள்களைத் தென்னிந்தியச் சந்தைக்குக் கொண்டுசேர்த்தார். 1937-ல் சென்னை சட்டப்பேரவைக்குத் தேர்வானார். பின்னர் அரசியல் சாசன வரைவுக் குழுவிலும் இடம்பெற்றார். 1952-ல் நேரு அமைச்சரவையில் வணிகம், தொழில் துறை அமைச்சரானார். பிலாய், ரூர்கேலா, துர்காபூர் உருக்காலைகள் உருப்பெற்ற காலத்தில் இரும்பு, உருக்குத் துறையும் அவர் வசம் இருந்தது.

1956-ல் நிதியமைச்சரான அவர், அடுத்த ஆண்டே செல்வ வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தார். தொழிலதிபராக வந்தவர் செல்வந்தர் மீதே வரி விதித்தார் என்பது கவனிக்கத்தக்கது. ஒருவர் எத்துறையிலிருந்து வந்தார் என்பதை மட்டும் வைத்து அவரது கொள்கையைக் கணித்துவிட முடியாது.

இரண்டு விலகல்கள்

1957-ல், புதிதாக உருவான ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் ஏறத்தாழ ரூ.1.24 கோடியை முதலீடு செய்தது. அதை நாடாளுமன்றத்தில் எழுப்பியவர் ஆளுங்கட்சி உறுப்பினரும் பிரதமரின் மருமகனுமான ஃபெரோஸ் காந்தி. நீதிபதி எம்.சி. சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடத்தி, விரைவில் அறிக்கை அளித்தார். துறைச் செயலரின் செயலுக்கு அமைச்சரே அரசியல் சாசன முறைப்படி பொறுப்பு என்று அவர் கூறினார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. விலகினார்.

1962-ல் மீண்டும் அமைச்சரவைக்கு வந்த அவர், 1963-ல் மறுபடியும் நிதியமைச்சரானார். யூனிட் டிரஸ்டும் இந்திய தொழில் வளர்ச்சி வங்கியும் 1964-ல் தோன்றியது அவர் காலத்தில்தான். ஆனால் மகன்களின் நிறுவனங்கள் தொடர்பான குற்றச்சாட்டை நாடாளுமன்ற உறுப்பினர்கள் எழுப்பினர். தலைமை நீதிபதியின் கருத்தைக் கேட்கலாம் என்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி விரும்பினார். டி.டி.கே. அதற்கு உடன்படாமல் 1965 டிசம்பர் 31-ல் பதவி துறந்தார். அதன்பின் அவர் அமைச்சராகவில்லை.

முதல் விலகலில் உண்மை திறந்த மன்றத்தில் சோதிக்கப்பட்டது. பொறுப்பு எவருடையது என்பதும் தெளிவானது. இரண்டாவதில் அந்தச் சோதனை நிகழவில்லை. குற்றம் மெய்ப்பிக்கப்படவுமில்லை, ஐயம் நீங்கவுமில்லை.

உக்ரைனில் ஓர் ஒப்பீடு

இத்தகைய சிக்கல் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. உக்ரைனின் லியோனித் குச்மா, யூஷ்மாஷ் ஏவுகணை ஆலையின் தலைமைப் பொறுப்பிலிருந்து அரசியலுக்கு வந்தவர். 1992-ல் பிரதமரான அவர், 1994 முதல் 2005 வரை அதிபராக இருந்தார். அவரது ஆட்சியின் இறுதிக்கட்டத்தில், 2004-ல், கிரிவோரிஷ்ஸ்டால் உருக்காலை சுமார் 80 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. வாங்கிய கூட்டமைப்பில் அவருடைய மருமகன் விக்டர் பின்சுக்கும் இருந்தார்.

ஆட்சி மாறியபின் அந்த விற்பனை ரத்தானது. 2005 அக்டோபரில் நடந்த மறு ஏலத்தில் லட்சுமி மிட்டலின் நிறுவனம் அதே ஆலையை 480 கோடி டாலருக்கு வாங்கியது. ஒரே ஆலைக்கு ஓராண்டு இடைவெளியில் ஆறு மடங்கு விலை. அதிகாரத்தின் அருகே குடும்பத் தொழில் நிற்கும்போது பொதுக் கருவூலம் எவ்வளவு இழக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு தேவையில்லை.

விதியில் உள்ள வாசல்

இந்தியாவில் மத்திய, மாநில அமைச்சர்களுக்கான நடத்தை விதித்தொகுப்பு 1964-ல், டி.டி.கே. நிதியமைச்சராக இருந்தபோதே வகுக்கப்பட்டது. அமைச்சராவோர் சொத்து விவரம் அளிக்க வேண்டும். தொழில் நிர்வாகத்திலிருந்து விலக வேண்டும். எனினும், மனைவி அல்லது கணவர் நீங்கலாக, வயதுவந்த உறவினரிடம் நிர்வாகத்தை ஒப்படைக்க அது இடமளிக்கிறது. தந்தை அமைச்சரவையிலும் மகன் நிறுவனத்திலும் அமர்வதற்கான வாசல் இவ்வாறு திறந்தே இருக்கிறது.

அரசுக்குப் பொருளோ சேவையோ வழங்கும் தொழிலில் குடும்பத்தினர் ஈடுபடுவதற்குக் கட்டுப்பாடு உண்டு. ஆயினும் இத்தொகுப்பு நாடாளுமன்றம் இயற்றிய சட்டமன்று. மத்திய அமைச்சர்களைப் பொறுத்தவரை அதைக் கண்காணிப்பவர் பிரதமரே. தம் அமைச்சரவை சகாவைப் பற்றி அவரே தீர்ப்பளிக்க வேண்டிய நிலையில்தான் 1965-ல் சாஸ்திரி வெளியார் ஒருவரின் கருத்தை நாடினார்.

அந்தமானுக்குச் சட்டப்பேரவை இல்லை; மக்களவையில் ஒரே ஓர் இடம் உண்டு. பெருந்திட்டங்கள் குறித்த முடிவுகள் தில்லியிலேயே எடுக்கப்படுகின்றன. எனவே முடிவெடுப்போரின் குடும்ப நலன்கள் வெளிப்படையாக இருப்பது, நேரில் கேள்வி கேட்க வாய்ப்புக் குறைந்த தீவு மக்களுக்கே மிகுதியும் தேவைப்படுகிறது. தொழிலதிபர்கள் அரசியலுக்கு வரலாகாது என்பதன்று டி.டி.கே. வாழ்வு தரும் பாடம். ஐயம் எழும்போது, அமைச்சரவைக்கு வெளியேயுள்ள ஒருவர் விரைவாகவும் திறந்த முறையிலும் விசாரிக்க வழி இருக்க வேண்டும். அந்த வழி மக்களுக்கு மட்டுமன்றி, குற்றமற்ற அமைச்சருக்கும் காப்பாகும்.