இடம் கிடைத்துவிட்டது, இருக்க இடம்?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு, திருமுழுக்குச் சான்றிதழும் பங்குத்தந்தையின் கடிதமும் கேட்டு மாணவ மாணவியர் வருகிறார்கள். எந்தக் கல்லூரிக்கு என்று விசாரித்தால் சென்னை, திருச்சி, பாளையங்கோட்டை என்ற வழக்கமான பதில்களுக்கு நடுவே 'டில்லிப் பல்கலைக்கழகம்' என்ற பதிலும் இப்போது காதில் விழுகிறது. கடற்கரை ஊர்களிலிருந்தும் மலையடிவாரக் கிராமங்களிலிருந்தும் நம் பிள்ளைகள் நாட்டின் தலைநகரில் படிக்க விரும்புவது மகிழ்ச்சிக்குரியது. அதே வேளையில், அந்த விருப்பத்தின் முழு விலை என்ன என்பதைக் குடும்பமும் பங்கும் சேர்ந்து சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

தமிழில் 'இடம்' என்ற ஒரே சொல்லை இரண்டு பொருளில் வழங்குகிறோம். கல்லூரியில் இடம் கிடைத்தது என்கிறோம். தங்க இடம் கிடைத்தது என்றும் சொல்கிறோம். டில்லிக்குச் செல்லும் ஏழை மாணவருக்கு இவை இரண்டும் வெவ்வேறு போராட்டங்கள். முதல் இடத்தைத் தேர்வு தருகிறது. இரண்டாவது இடத்தைத் தரும் பொறுப்பை யாரும் ஏற்பதில்லை. இன்றைய சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

நூறு விழுக்காடு என்னும் மதில்

டில்லிப் பல்கலைக்கழகம் 1922-ஆம் ஆண்டு செயின்ட் ஸ்டீபன்ஸ், இந்து, ராம்ஜஸ் ஆகிய மூன்று கல்லூரிகளோடு தொடங்கப்பட்டது. இன்று ஏறத்தாழ எழுபது கல்லூரிகளில் 70 ஆயிரம் அளவிலான இளநிலை இடங்கள் இதன் கீழ் உள்ளன. நீண்ட காலம் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே இங்கு நுழைவதற்கான திறவுகோலாக இருந்தது. ஆண்டுதோறும் 'கட்-ஆஃப்' ஏறிக்கொண்டே போனது. 2011-இல் ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி, பள்ளியில் வணிகவியல் படிக்காத மாணவர்களுக்கு 100 விழுக்காடு என்று அறிவித்தபோது நாடே வியந்தது. 2021-இல் பல கல்லூரிகள் சில பாடங்களுக்கு அதே 100 விழுக்காட்டைக் கேட்டன. அவ்வாண்டு கேரளத்திலிருந்து முழு மதிப்பெண்ணோடு மாணவர்கள் பெருமளவில் வந்தபோது, அங்கே ஒரு பேராசிரியரே அவர்களின் வருகையை மதச்சாயம் பூசிக் கொச்சைப்படுத்தினார். படிக்க வந்த பிள்ளையை எதிரியாகக் காணும் மனநிலை கற்றவரிடமும் இருக்கக்கூடும் என்பதை அந்தச் சர்ச்சை காட்டியது.

2022-இல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு, அதாவது 'க்யூட்' வந்தது. ஒரு மாநில வாரியம் தாராளமாகவும் மற்றொன்று கண்டிப்பாகவும் மதிப்பெண் வழங்கும் நிலையில், எல்லாருக்கும் ஒரே தேர்வு என்பது நியாயம்தானே என்று பலர் வாதிட்டனர். அந்த வாதத்தில் உண்மை உண்டு. தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் இத்தேர்வை எழுதலாம் என்பதும் நல்லதே.

ஆனால் இத்தேர்வு என்.சி.இ.ஆர்.டி. பாடத்திட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. மாநிலப் பாடத்திட்டத்தில் படித்த பிள்ளை புதிதாக மற்றொரு புத்தகத்தைக் கையில் எடுக்க வேண்டும். அதற்குப் பயிற்சி மையம், அதற்கொரு கட்டணம் என்று செலவு நீள்கிறது. பள்ளிக் கல்வியின் முக்கியத்துவம் குறைந்து பயிற்சி மையங்கள் பெருகும் என்று கவலை தெரிவித்து, இத்தேர்வுக்கு எதிராகத் தமிழ்நாடு சட்டமன்றம் 2022 ஏப்ரல் 11 அன்று தீர்மானம் நிறைவேற்றியது. மதிப்பெண் மதில் இடிக்கப்பட்ட இடத்தில் பயிற்சிக் கட்டண மதில் எழும்பினால் ஏழைக்கு என்ன பயன்?

காலதாமதம் இன்னொரு சுமை. முதல் ஆண்டான 2022-இல் தேர்வு முடிவு செப்டம்பர் நடுவில் வந்தது. முதலாண்டு வகுப்புகள் நவம்பரில்தான் தொடங்கின. 2024-இல் முடிவு ஜூலை இறுதியில் வெளியானது. அதுவரை நம் ஊர்க் கல்லூரிகள் காத்திருக்குமா? கையிலிருப்பதை விடவும் முடியாது. வருமா என்று தெரியாததை நம்பவும் முடியாது. எனவே பல குடும்பங்கள் இங்கே ஒரு கல்லூரியில் பணம் கட்டி வைக்கின்றன; டில்லியில் இடம் கிடைத்ததும் இங்கே கட்டிய பணத்தில் ஒரு பகுதியையாவது இழக்கின்றன. வசதியுள்ளவருக்கு அது சிறு தொகை; கூலி வேலை செய்பவருக்கு அது பல மாத உழைப்பு.

சான்றிதழ்களில் கவனம்

மதிப்பெண் இருந்தும் தாள்களால் இடத்தை இழக்கும் பிள்ளைகள் உண்டு. நம் ஊர்ப் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் டில்லியில் போதாது. மத்திய அரசின் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும், அதுவும் அந்த நிதியாண்டில் பெற்றதாக இருக்க வேண்டும். தேர்வு முடிவு வந்தபின் இ-சேவை மையத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் அலைந்தால் நாள் கடந்துவிடும். ஏப்ரல் மாதத்திலேயே விண்ணப்பிப்பது நல்லது.

கல்லூரி விருப்பப் பட்டியலை இணையத்தில் நிரப்புவதிலும் கவனம் தேவை. இரண்டு மூன்று புகழ்பெற்ற பெயர்களை மட்டும் இட்டுவிட்டு நிறுத்துவது அறிவுடைமையாகாது. எத்தனை கல்லூரியும் எத்தனை பாடமும் குறிப்பிடலாம். நாள் முடிந்தபின் சேர்க்க முடியாது. ஒதுக்கப்பட்ட இடத்தை உரிய நேரத்தில் ஏற்காவிட்டால் அடுத்தடுத்த சுற்றுகளிலும் வாய்ப்பு போய்விடும்.

கிறித்தவ மாணவர்க்கு இரண்டு வாசல்கள் தனியே உள்ளன. ஒன்று வட இந்தியத் திருச்சபையோடு தொடர்புடைய செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி. மற்றது 1968-இல் தொடங்கப்பட்டு அருள்சகோதரிகளால் நடத்தப்படும் மகளிர் கல்லூரியான இயேசு மரி கல்லூரி. இவை சிறுபான்மை நிறுவனங்கள் என்பதால் கிறித்தவர்க்கென இடங்கள் உண்டு. செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியின் நேர்முகத் தேர்வு குறித்த வழக்கில், பொது இடங்களுக்கு நுழைவுத் தேர்வு மதிப்பெண் மட்டுமே அடிப்படை என்றும், கிறித்தவ மாணவர்க்கு நேர்முகத் தேர்வையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் டில்லி உயர் நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. எனவே பல்கலைக்கழக அறிவிப்போடு இக்கல்லூரிகளின் தனி அறிவிப்பையும் படிக்க வேண்டும்.

இங்கே வேதனையான ஓர் உண்மையையும் மறக்கலாகாது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி தலித் கிறித்தவர்க்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களின் பட்டியல் சாதி இடங்களுக்கு அவர்கள் விண்ணப்பிக்க முடியாது. சிறுபான்மை இடங்களிலும் ஆங்கிலப் பள்ளியில் படித்த வசதியுள்ள கிறித்தவரோடு அவர்கள் போட்டியிட வேண்டும். சிறுபான்மை உரிமை பற்றி உரக்கப் பேசும் திருச்சபை, அந்த உரிமையின் பயன் தனக்குள்ளேயே கடைசியில் நிற்பவரைச் சேருகிறதா என்று கேட்க வேண்டாமா?

நகரம் கேட்கும் வாடகை

கன்னியாகுமரியில் திருக்குறள் விரைவு இரயில் ஏறினால் இரண்டு இரவுகள் கழித்தே டில்லி. இறங்கியதும் முதல் கேள்வி, எங்கே தங்குவது? பல கல்லூரிகளுக்கு விடுதியே இல்லை. விடுதி உள்ள கல்லூரிகளிலும் சேர்ந்த அனைவருக்கும் அறை கிடையாது. ஆகவே வடக்கு வளாகத்தில் படிப்பவர்கள் கமலா நகர், விஜய் நகர், முகர்ஜி நகர் எனவும், தெற்கு வளாகத்தில் படிப்பவர்கள் சத்ய நிகேதன் எனவும் தனியார் 'பி.ஜி.' அறைகளைத் தேடுகிறார்கள். பல கல்லூரிகளில் ஓராண்டுக் கட்டணத்தைவிட, சில மாத அறை வாடகை அதிகம். அரசுக் கல்லூரிக் கட்டணம் குறைவுதானே என்று நம்பி வந்த குடும்பம் இங்கேதான் திணறுகிறது.

அந்த அறைகள் பாதுகாப்பானவையா? 2023 ஜூன் 15 அன்று முகர்ஜி நகரில் ஒரு பயிற்சி மையக் கட்டடத்தில் தீப்பிடித்தபோது, மாணவர்கள் சன்னல் வழியே கயிற்றைப் பற்றி இறங்கிய காட்சியை நாம் தொலைக்காட்சியில் கண்டோம். அதே ஆண்டு செப்டம்பரில் அதே பகுதியில் மாணவியர் தங்கியிருந்த விடுதியொன்றில் தீப்பிடித்து 35 பேர் மீட்கப்பட்டனர். 2024 ஜூலை 27 அன்று பழைய ராஜிந்தர் நகரில் அடித்தளத்தில் இயங்கிய நூலகத்தில் மழைநீர் புகுந்து, குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்த மூன்று இளையோர் இறந்தனர். பிள்ளைகளின் கனவை வைத்துப் பெரும் வணிகம் நடக்கும் நகரில், அவர்கள் உயிரோடு வெளியேறும் வழியைச் சரிபார்க்க ஆளில்லை.

மொழியும் ஒரு தடைதான். தமிழில் நுழைவுத் தேர்வு எழுதலாம். ஆனால் வகுப்பறையில் ஆங்கிலம், கடைத்தெருவில் இந்தி. தமிழ்வழியில் படித்த கூர்மையான மாணவி முதல் சில மாதங்கள் வாய்திறவாமல் அமர்ந்திருப்பாள். அறிவு குறைந்ததால் அல்ல, சொல் கிடைக்காததால். தென்னாட்டவர், வடகிழக்கு மாநிலத்தவர் என்று தோற்றத்தையும் பேச்சையும் வைத்து ஏளனம் செய்வதும் அங்கே நடக்கிறது. 2014 சனவரியில் லஜ்பத் நகரில் அருணாசலப் பிரதேச மாணவர் ஒருவர் தாக்கப்பட்டு இறந்ததை நாடு மறந்திருக்காது. குளிர்காலத்தில் காற்றும் நஞ்சாகிறது. 2024 நவம்பரில் காற்று மாசினால் பல்கலைக்கழக வகுப்புகளே இணையவழிக்கு மாற்றப்பட்டன.

இவற்றையெல்லாம் ஒருசேரச் சுமக்கும்போது என்ன ஆகும்? தெலங்கானாவின் எளிய குடும்பத்திலிருந்து வந்து டில்லியின் முன்னணி மகளிர் கல்லூரியொன்றில் படித்த மாணவி, 2020 நவம்பரில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பெருந்தொற்றுக் காலம், வகுப்புகள் இணையவழி, மடிக்கணினி வாங்க வசதியில்லை, உதவித்தொகை உரிய நேரத்தில் வரவில்லை, முதலாண்டினருக்கே விடுதி என்ற விதியால் அறையைக் காலி செய்யவேண்டிய நிலை. ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் கற்பிப்பது சரியன்று. ஆனால் ஒன்று தெளிவு. அந்த மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. திறமையை அளந்து உள்ளே அழைத்தவர்கள், அவர் அங்கே நிலைத்திருக்க வழி செய்யவில்லை.

நாம் செய்யக்கூடியவை

அப்படியானால் டில்லிக்குப் போகவே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? எல்லாரும் போக வேண்டிய தேவையில்லை. தமிழ்நாட்டிலேயே சிறந்த கல்லூரிகள் உள்ளன. ஆனால் நாட்டின் நிர்வாகம், சட்டம், ஆய்வு, ஊடகம் ஆகிய துறைகளுக்கு இளையோரை உருவாக்கும் வளாகங்களில் அதுவும் ஒன்று. எளியவர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே போகாவிட்டால், எளியவரைப் பற்றிய முடிவுகளை மற்றவர்களே எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே போகட்டும், ஆயத்தத்தோடு போகட்டும்.

விடுதி என்பது கல்லூரி இடத்தின் ஒரு பகுதி என்று அரசும் பல்கலைக்கழகமும் ஏற்க வேண்டும். நான்காண்டுப் பட்டப்படிப்பு 2022-இல் தொடங்கி, அதன் முதல் அணி 2025-இல் நான்காம் ஆண்டை எட்டியது. கூடுதலாக ஓராண்டு என்றால் கூடுதலாக ஓராண்டு வாடகை. விடுதி கட்டாமல் ஆண்டை மட்டும் கூட்டினால், அந்த நான்காம் ஆண்டு வசதியுள்ளவருக்கே உரியதாகிவிடும்.

பெற்றோர் முதல் மாதச் செலவை மட்டும் பார்க்காமல் மூன்று ஆண்டுகளுக்கும் கணக்கிட வேண்டும். அறையை நேரில் பார்க்காமல் முன்பணம் கட்ட வேண்டாம். இரண்டாவது படிக்கட்டு உண்டா, சன்னல் திறக்கிறதா என்று பாருங்கள். 'அங்கே போயும் முதல் மதிப்பெண்தான் வாங்கணும்' என்று பிள்ளையின் தோளில் குடும்பத்தின் மானம் முழுவதையும் ஏற்றிவிடாதீர்கள். முடியவில்லை என்றால் திரும்பி வரலாம், வீட்டுக் கதவு திறந்தே இருக்கும் என்று போகும்முன்பே சொல்லி அனுப்புங்கள். மனம் சோர்ந்தால் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம் என்பதையும் சொல்லிவையுங்கள்.

பங்குகளின் பணி சான்றிதழில் கையெழுத்திடுவதோடு முடிந்துவிடுமா? டில்லியிலும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. நம் துறவற சபைகளின் இல்லங்கள் உள்ளன. ஏற்கெனவே அங்கே படிக்கும் மூத்த மாணவர் ஒருவரின் எண்ணையும், அருகிலுள்ள பங்குத்தந்தைக்கு ஒரு கடிதத்தையும் கொடுத்தனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்? மாதம் ஒருமுறை 'சாப்பிட்டாயா?' என்று கேட்க அன்பியத்தில் ஒருவர் முன்வரலாம். மறைமாவட்டக் கல்வி நிதியில் கட்டணத்துக்கு மட்டுமின்றி முதல் மூன்று மாத அறை வாடகைக்கும் இடம் ஒதுக்கலாம். ஊர்த் திருவிழாவின் வாணவேடிக்கையை ஓராண்டு குறைத்தால் ஒரு பிள்ளையின் தங்கும் செலவில் ஒரு பகுதியாவது தேறும்.

பன்னிரண்டு வயதில் இயேசு எருசலேம் கோவிலில் போதகர் நடுவே அமர்ந்து கேள்வி கேட்டதை நற்செய்தி சொல்கிறது. மரியாவும் யோசேப்பும் மூன்று நாள் மனம் கலங்கித் தேடியதையும் அதே பகுதி சொல்கிறது. பெரிய நகரத்துக்குப் போகும் பிள்ளைக்கு நல்ல ஆசிரியர்கள் வேண்டும். காணவில்லை என்றால் தேடி வரும் ஆட்களும் வேண்டும். ஆசிரியரைப் பல்கலைக்கழகம் தரும். தேடிப்போகும் பொறுப்பு நம்முடையது. இவ்வாண்டு நம் பங்கிலிருந்து வெளியூர் சென்ற பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று வரும் ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒரு பட்டியல் எழுதத் தொடங்குவோமா?