ஆல்-வீல் டிரைவ் எஸ்யூவி இருந்தாலும் விண்டர் டயர் வேண்டுமா? கனடாவில் ஒவ்வொரு நவம்பரும் எழும் கேள்வி

நவம்பர் வந்துவிட்டால் கனடாவின் டயர் கடைகளில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கஷ்டம். அதிலும் முதல் பனி விழுந்த மறுநாள் என்றால் கேட்கவே வேண்டாம். டொராண்டோவின் ஸ்கார்பரோவிலும், அருகே உள்ள மார்க்கம், பிராம்ப்டன் பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் அந்த நாட்களில் இந்தப் பேச்சு அடிபடும். "நம்மகிட்ட இருக்கிறது எஸ்யூவி. நாலு சக்கரமும் இழுக்குது. அப்புறம் எதுக்குத் தனியா விண்டர் டயர்?"

கேட்பதில் நியாயம் இருக்கிறது. எஸ்யூவிக்கு நான்கு விண்டர் டயர் என்றால் சைஸைப் பொறுத்து ஆயிரம் கனடா டாலரைச் சுற்றிச் செலவாகும். வருடத்துக்கு இரண்டு முறை கழற்றி மாட்ட வேண்டும், மீதி மாதங்களில் வைக்க இடம் வேண்டும். அப்பார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்கு அதுவே பெரிய தலைவலி. ஆனால் "நாலு சக்கரமும் இழுக்குது" என்ற அந்த ஒரு காரணத்தில்தான் தப்பு இருக்கிறது.

இழுப்பது வேறு, நிற்பது வேறு

ஆல்-வீல் டிரைவ் என்பது இன்ஜினின் சக்தியை நான்கு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு. பனியில் வண்டி கிளம்பவும், மேடு ஏறவும் அது நன்றாக உதவும். பிரேக் மிதித்தால் கதையே வேறு. சாதாரண காரோ எஸ்யூவியோ, எல்லா வண்டியிலும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. வண்டியை நிறுத்துவது டயருக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கும் பிடிப்பு மட்டுமே.

ஒரு எளிய இயற்பியல் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி, உலர்ந்த தார் ரோட்டில் பிரேக் பிடித்தபின் சுமார் 14 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் பிடிப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுவதால், அதே வண்டிக்கு 50 மீட்டர் வரை தேவைப்படலாம். ஐஸ் என்றால் இன்னும் அதிகம். வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்காகும்.

இதில் ஆபத்தான விஷயம் என்னவென்றால், ஆல்-வீல் டிரைவ் வண்டி வழுக்காமல் கிளம்பிவிடுவதால் ரோடு நன்றாக இருக்கிறது என்று டிரைவர் நம்பிவிடுவார். உண்மை தெரிவது முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு எரியும்போதுதான்.

7 டிகிரியில் என்ன நடக்கிறது?

விண்டர் டயர் பனிக்கானது என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மை. அது முதலில் குளிருக்கான டயர். வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகப் போக, ஆல்-சீசன் டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். இறுகிய ரப்பர், ரோட்டின் சின்னச் சின்ன மேடு பள்ளங்களில் பதியாது. வெறும் உலர்ந்த ரோட்டிலேயே பிடிப்பு குறையும். விண்டர் டயரின் ரப்பர் கலவை கடுங்குளிரிலும் மெத்தென்று இருக்கும்படி செய்யப்பட்டது. அதன் பட்டன்களில் நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் இருக்கும். அவை விரிந்து சுருங்கிப் பனியைக் கவ்விக்கொள்ளும்.

டொராண்டோவில் நவம்பர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை பெரும்பாலான காலை நேரங்கள் 7 டிகிரிக்குக் கீழேதான். "இந்த வருஷம் பனியே இல்லை" என்று சொல்லும் வருடங்களிலும் குளிர் இருக்கத்தான் செய்கிறது.

'ஆல்-சீசன்' என்ற பெயர் வட அமெரிக்காவில் 1970களின் கடைசியில் பரவியது. எல்லாப் பருவத்துக்கும் என்று பெயர் வைத்ததுதான் குழப்பத்துக்குக் காரணம். கியூபெக்கில் மெக்கானிக்குகள் இதை 'மூணு சீசன் டயர்' என்று சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள்.

டயரின் பக்கவாட்டைப் பாருங்கள்

பல ஆல்-சீசன் டயர்களில் 'எம் பிளஸ் எஸ்' என்று பொறித்திருக்கும். சேறு, பனி என்பதன் சுருக்கம். இது டிரெட்டில் போதிய இடைவெளி இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. பனியில் ஓட்டிப் பார்த்துத் தரப்படும் முத்திரை அல்ல.

தேட வேண்டியது இன்னொரு சின்னம்: மூன்று சிகரம் கொண்ட மலை, அதற்குள் ஒரு பனித்துகள். பனியில் இழுவைச் சோதனையில் தேறிய டயருக்குத்தான் இது கிடைக்கும். ஆனால் அந்தச் சோதனை ஐஸில் நடப்பதில்லை, பனியில்தான். இது ஏன் முக்கியம் என்பது கீழே.

சட்டம் எங்கே, எப்படி?

கியூபெக் மாகாணத்தில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் கட்டாயம். 2008ல் இந்தச் சட்டம் அமலுக்கு வந்தபோது தொடக்கத் தேதி டிசம்பர் 15. 2019ல்தான் இரண்டு வாரம் முன்னால் கொண்டுவந்தார்கள். மீறினால் 200 முதல் 300 டாலர் வரை அபராதம். வெறும் 'எம் பிளஸ் எஸ்' அங்கே செல்லாது, மலைச் சின்னம் வேண்டும். ஒன்டாரியோவில் இருந்து மான்ட்ரியலுக்கு வேலை மாறி, வண்டியின் பதிவையும் மாற்றிக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் கார் எங்கே பதிவானது என்பதை விட எந்த ரோட்டில் போகிறது என்பதுதான் கணக்கு. அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை பல மலைச்சாலைகளில் விதி அமலில் இருக்கும். ஆனால் அங்கே 'எம் பிளஸ் எஸ்' போதும், டிரெட் 3.5 மில்லிமீட்டர் இருந்தால் சரி.

தமிழர்கள் அதிகம் வாழும் ஒன்டாரியோவில் கட்டாயமே இல்லை. அதற்குப் பதில் 2016 ஜனவரி 1 முதல், விண்டர் டயர் போட்டவர்களுக்கு இன்சூரன்ஸ் நிறுவனங்கள் தள்ளுபடி தந்தாக வேண்டும். தொகை பெரிதல்ல, பொதுவாக 5 சதவீதம் வரை. பல பேர் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை.

நடுவில் ஒரு வழி

'ஆல்-வெதர்' என்று ஒரு வகை இருக்கிறது. ஆல்-சீசன் என்று தப்பாகப் படித்துவிட வேண்டாம். மலைச் சின்னம் பெற்று, வருடம் முழுக்க ஓடக்கூடிய டயர் இது. மாற்றி மாட்டும் வேலை இல்லை, ஸ்டோரேஜ் வாடகை இல்லை.

ஸ்கார்பரோவிலேயே வேலை, பள்ளி, கடை என்று சுற்றுபவர், பெரிய புயல் வந்தால் வீட்டில் இருந்துவிட முடிகிறவர் என்றால், இது நல்ல தேர்வு. ஆனால் அதிகாலை ஷிப்டுக்கு ஹைவேயில் போகிறவருக்கும், வாரம்தோறும் பேரி, சட்பரி பக்கம் ஓட்டுகிறவருக்கும் தனி விண்டர் டயர்தான் சரி. அதிகாலையில் ரோட்டில் இருப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத ஐஸ். மேலே சொன்ன சின்னம் அளக்காத இடம் அதுதான். அங்கே விண்டர் டயரின் மெத்தென்ற ரப்பர் முந்துகிறது. கியூபெக்கில் வண்டி வைத்திருப்பவருக்கு ஆல்-சீசன் என்ற கேள்விக்கே இடமில்லை.

செலவில் பாதி திரும்பி வரும்

விண்டர் டயர் ஓடும் ஐந்து மாதமும் மற்ற செட் தேயாமல் ஓய்வில் இருக்கிறது. அதனால் இரண்டு செட்டும் கூடுதல் வருடம் வரும். உண்மையில் கூடும் செலவு மாட்டுக்கூலியும், தனி ரிம் வாங்கினால் அந்தக் காசும்தான். தனி ரிம் இருந்தால் ஒவ்வொரு முறையும் டயரைக் கழற்றி ஏற்ற வேண்டியதில்லை. சில வருடங்களில் அந்தப் பணம் கணக்குத் தீர்ந்துவிடும்.

காசை மிச்சம் பிடிக்க இரண்டே டயர் மட்டும் மாற்றுவதுதான் செய்யக் கூடாத வேலை. முன்னால் பிடிப்பு, பின்னால் வழுக்கல் என்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பின்பக்கம் சுழன்றுவிடும். நான்கும் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்றே கனடாவின் போக்குவரத்துத் துறை சொல்கிறது.

புதிதாக வந்தவர்கள் பலர் பழைய செட் வாங்குகிறார்கள். வாங்கலாம். பக்கவாட்டில் 'டிஓடி' என்ற எழுத்துக்குப் பின் வரும் வரிசையில் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 3521 என்றால் 2021ன் 35வது வாரம் தயாரானது. பிறகு டிரெட்டின் ஆழம். 4 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் வந்துவிட்ட டயர் பனிக்கு உதவாது, விற்பவர் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும்.