தட்டு சுற்றினால் கச்சேரி ஆகாதா?

இசை ரசிகர்களில் ஒரு கோஷ்டி உண்டு. அவர்களைப் பொறுத்தவரை வாத்தியம் என்றால் ஊத வேண்டும், மீட்ட வேண்டும், இல்லை அடிக்க வேண்டும். மேடையில் ஒருவர் இரண்டு இசைத்தட்டுகளை வைத்துக்கொண்டு நின்றால் போச்சு. "யாரோ எப்பவோ வாசிச்சதைத்தானே இந்த ஆள் போடுறார்? கல்யாண வீட்டு மைக்செட்காரருக்கும் இவருக்கும் என்னய்யா வித்தியாசம்?" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

அதே கோஷ்டி இன்னொன்றும் சொல்லும். "ஃப்யூஷனா? சொந்தச் சரக்கு இல்லாதவன் நாலு வீட்டுக் குழம்பை ஒரே சட்டியில் ஊத்திக் கிண்டுற வேலை."

இந்த இரண்டு பேச்சுக்கும் பதில் சொல்ல ஒரே ஒரு குழு போதும். பெயர் ஒசோமாட்லி. ஊர் லாஸ் ஏஞ்சலஸ். ஆரம்பித்த வருடம் 1995.

மேடையில் யார் யார் என்று முதலில் பார்த்துவிடலாம். டிரம்பெட், சாக்ஸபோன், கிடார், பாஸ், கோங்கா. தபலா வாசிப்பவர் ஜிரோ யமகுச்சி. ராப் பாடியவர் சாலி டூனா. டர்ன்டேபிளில் கட் கெமிஸ்ட். சல்சாவும் கும்பியாவும் ஃபங்க்கும் ஹிப் ஹாப்பும் ஒரே பாட்டுக்குள் வந்து போகும். குழுவின் பெயரே ஆஸ்டெக் நாட்காட்டியில் வரும் குரங்குச் சின்னத்தின் பெயர்.

சரி, இது சட்டியில் ஊற்றிக் கிண்டியதா?

அந்த ஊரின் அந்த வருடங்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1992 ஏப்ரலில் ராட்னி கிங்கை அடித்த போலீஸ்காரர்களைக் கோர்ட் விடுவித்ததும் நகரம் பற்றி எரிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். 1994ல் ஆவணம் இல்லாத குடியேறிகளுக்குப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கிடையாது என்று சொன்ன 187வது முன்மொழிவுக்கு கலிஃபோர்னியா மக்களே ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்தார்கள் (பிறகு அதைக் கோர்ட் முடக்கியது). அடுத்த வருடம், அந்த ஊரில் ஒரு இளைஞர் வேலைத்திட்டத்தில் இருந்தவர்கள் சங்கம் வைக்கப் பார்த்து, முடியாமல் போய், வேலை பார்த்த கட்டிடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். வேலை போனது. ஆனால் கட்டிடம் கொஞ்ச காலத்துக்கு அவர்கள் கைக்கு வந்தது. அதை ஒரு சமூக மையமாக நடத்தக் காசு வேண்டும். காசுக்குக் கச்சேரி வேண்டும். அந்தப் போராட்டத்தில் இருந்த பாஸ் கிடார்காரர் வில்-டாக் ஏபர்ஸ் தனக்குத் தெரிந்த ஆட்களையெல்லாம் கூப்பிட்டார். ஒருத்தர் டிரம்பெட்டோடு வந்தார், ஒருத்தர் தபலாவோடு வந்தார், ஒருத்தர் இசைத்தட்டுப் பெட்டியோடு வந்தார்.

இந்தக் கலவைக்கு யாரும் ரூம் போட்டு யோசிக்கவில்லை, மக்களே. அந்தத் தெருவில் இருந்தவர்கள் அவர்கள்தான். ஆளுக்கொரு வாத்தியம் இருந்தது. ஒரு ஆளை ஒதுக்கினால்தான் "சுத்தமான" இசை கிடைத்திருக்கும். யாரை ஒதுக்குவது என்று சுத்தக்காரர்களே சொல்லட்டும்.

அடுத்தது டர்ன்டேபிள். லத்தீன் தாளமும் டி.ஜே.யும் ஏதோ நேற்று ஒட்டவைத்த ஜோடி என்று நினைத்தால் சரித்திரம் தெரியவில்லை என்று அர்த்தம். நியூயார்க்கின் பிராங்க்ஸில் 1973ல் கூல் ஹெர்க் (ஜமைக்காவில் பிறந்தவர்) இரண்டு தட்டுகளை வைத்து, பாட்டில் தாளம் மட்டும் தனியாக வரும் இடத்தை நீட்டி நீட்டி ஆடவிட்டார். ஹிப் ஹாப் அங்கேதான் ஆரம்பம். அவர் காலத்து டி.ஜே.க்கள் அதிகம் தேய்த்த தட்டுகளில் ஒன்று இன்க்ரெடிபிள் பாங்கோ பேண்டின் 'அப்பாச்சி'. அந்தத் தட்டில் அவர்கள் தேடிப்போன இடத்தில் கேட்பது என்ன? பாங்கோவும் கோங்காவும்! ஆக, கோங்கா பக்கத்தில் டர்ன்டேபிள் வந்து நின்றது அத்துமீறல் இல்லை. பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"இருந்தாலும் அது வாத்தியமா?" என்பார்கள். வேலையைப் பாருங்கள். ஒரு கை தட்டை முன்னும் பின்னும் இழுக்கிறது. இன்னொரு கை கிராஸ்ஃபேடரை நகர்த்தி, அந்த இழுப்பில் எந்தத் துண்டு காதுக்குப் போக வேண்டும், எது போகக் கூடாது என்று வெட்டுகிறது. விநாடிக்குள் நடக்கிற விஷயம். வயலின்காரரின் வில்லும் விரலும் போலத்தான், இரண்டு கைக்கும் தனித்தனி வேலை.

குழுவோடு சேர்ந்து வாசிப்பது இன்னும் கஷ்டம். தட்டில் பதிந்த தாளம் அதன் வேகத்தில்தான் போகும். உயிருள்ள டிரம்ஸ்காரர் அப்படி இல்லை. கூட்டம் சூடானால் அவர் வேகமும் ஏறும். டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200 மாதிரியான மெஷினில் வேகத்தைச் சுமார் எட்டு சதவீதம் கூட்டலாம், குறைக்கலாம். மிச்சத்தை விரல் நுனியால் தட்டின் ஓரத்தைத் தள்ளியும் பிடித்தும் சரிசெய்ய வேண்டும், அதுவும் காதில் இரண்டு தாளத்தையும் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே. சாக்ஸபோன் ஒரு வரியை எதிர்பாராமல் நீட்டினால், பெட்டியில் இருக்கும் தட்டுகளில் எது அதற்குப் பதில் சொல்லும் என்று அந்த நொடியில் முடிவெடுக்க வேண்டும். இதற்கு நம்மிடம் மனோதர்மம் என்று நல்ல பெயரே இருக்கிறது. கட் கெமிஸ்ட்டும் சாலி டூனாவும் ஜுராசிக் 5 குழுவுக்காக விலகிப் போனபோது, 2001 ஆல்பத்துக்கு டர்ன்டேபிளில் வேறு ஆளைக் கொண்டுவந்தார்கள். அலங்காரப் பொருளாக இருந்திருந்தால் அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கலாமே?

காது பிடிவாதம் பிடித்தால் பரவாயில்லை. அதிகாரமும் இதே பிடிவாதம் பிடிக்கும்போதுதான் விஷயம் சிரிப்பாக இல்லாமல் போகிறது. 2000 ஆகஸ்ட் 14 அன்று, லாஸ் ஏஞ்சலஸில் ஜனநாயகக் கட்சி மாநாடு நடந்த அரங்குக்கு வெளியே போராட்டக்காரர்களுக்காக ஒசோமாட்லி வாசித்துக்கொண்டிருந்தபோது, கூட்டத்தில் சிலர் பொருட்களை வீசினார்கள் என்று போலீஸ் மொத்தக் கச்சேரியையும் நிறுத்தியது. 2004 மார்ச்சில் ஆஸ்டின் நகரில், வழக்கம் போல வாசித்துக்கொண்டே கூட்டத்தோடு கிளப்பை விட்டுத் தெருவுக்கு வந்தார்கள். சத்தக் கட்டுப்பாட்டுச் சட்டம் குறுக்கே வந்தது. குழுவில் இரண்டு பேரும் மேலாளரும் கைது.

மூன்றே வருடம். 2007ல் அமெரிக்க வெளியுறவுத் துறை இதே குழுவைக் கலாசாரத் தூதுவர்களாக நேபாளம், இந்தியா, ஜோர்டான், எகிப்து என்று அனுப்பிவைத்தது! உள்ளூர்த் தெருவில் சத்தம், வெளியூர் மேடையில் கலாசாரம்.

போனது தப்பு என்று அப்போது திட்டியவர்கள் உண்டு. ஈராக் போரை வெளிப்படையாக எதிர்த்தவர்கள் அதே அரசின் செலவில் போகலாமா என்ற கேள்வி நியாயமானது. அரசுக்கு அது விளம்பரம்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்தக் கேள்வியைக் குழுவிடம் மட்டும் கேட்டுவிட்டு விடக் கூடாது. வெளிநாட்டில் காட்டிப் பெருமைப்படுவதற்கு அமெரிக்காவுக்குக் கிடைத்தது எது? 187வது முன்மொழிவு துரத்தப் பார்த்த மக்களின் பாட்டு, தபலா, பிராங்க்ஸின் தேய்ந்த தட்டு. உள்ளே ஒதுக்கியதெல்லாம் வெளியே ஷோகேஸில். இதைத் திட்டாமல் தூதுவரைத் திட்டுவது சுலபமான வேலை.

அதனால் "இது சுத்த இசை இல்லை", "அது வாத்தியமே இல்லை" என்று அடுத்த முறை யாராவது ஆரம்பித்தால், அவர்களிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். சுத்தம் பண்ணுகிற சாக்கில் மேடையிலிருந்து யாரை இறக்கிவிடப் பார்க்கிறீர்கள்?