பாட்டில் கைவைக்கும் உரிமை

இருமொழிக் கொள்கை பற்றி நம்மிடம் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. 1968 ஜனவரியில் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியதிலிருந்து இன்றுவரை, டெல்லியில் யாராவது மூன்றாவது மொழி என்று வாயெடுத்தால் போதும், எழுந்து நின்றுவிடுகிறோம். நிற்கத்தான் வேண்டும். ஆனால் அந்த இரண்டு மொழிகளும் ஏழு வயதுப் பிள்ளையின் வாய்க்குள் என்ன பாடுபடுகின்றன என்று கேட்டால் சபை அமைதியாகிவிடுகிறது. நமக்கு இருமொழிக் கொள்கை தெரியும். இருமொழிக் குழந்தையைத் தெரியாது.

அந்தக் குழந்தைக்கு வீட்டில் தமிழ். கையில் ஆங்கிலவழிப் புத்தகம். 2012-13க்குப் பிறகு அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாகிவிட்டதால் இது கான்வென்ட் பிள்ளைகளின் கதை மட்டுமல்ல. டீச்சர் ஆங்கிலத்தில் வாசிக்கிறார், தமிழில் விளக்குகிறார், பதிலை மறுபடியும் ஆங்கிலத்தில் கரும்பலகையில் எழுதிப் போடுகிறார். பிள்ளை பார்த்து எழுதுகிறது. இரண்டு மொழிக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தைத் தாண்ட பள்ளிக்கூடம் ஒரு வழி வைத்திருக்கிறது. ஸ்மார்ட் போர்டில் யூட்யூப் ரைம்ஸ். "பிள்ளைங்களை என்கேஜ் பண்ணணும் சார், அதான்."

இந்த 'என்கேஜ்' என்ற சொல் எனக்கு நன்றாகப் பழக்கம். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். குழந்தைகளுக்கான கல்விச் செயலி ஒன்றின் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே என்கேஜ்மென்ட் என்றால் ஒரு பிள்ளை எத்தனை நிமிடம் திரையைப் பார்த்தது என்ற எண். பாட்டு போட்டால் எண் ஏறுகிறது, எனவே பாட்டு நல்லது. அந்தப் பிள்ளை வாயைத் திறந்ததா, திறந்தால் என்ன சொன்னது என்பதற்கு அந்த அட்டவணையில் கட்டமே இல்லை. வாடிக்கையாளரை நகரவிடாமல் பிடித்து வைக்கும் தந்திரத்தைத்தான் வகுப்பறையில் படைப்பாற்றல் என்கிறோம்.

என் கட்சி இதுதான்: தொடக்கப் பள்ளியில் பாட்டு என்பது மாத்திரைமேல் தடவும் சர்க்கரை அல்ல. இரண்டு மொழிகளோடு வளரும் பிள்ளைக்கு அது மொழி நடக்கும் இடம். ஆனால் ஒரு நிபந்தனை. அந்தப் பாட்டை மாற்றும் உரிமை பிள்ளைக்கு இருக்க வேண்டும். கணினி மொழியில் சொன்னால், நம் பிள்ளைகளுக்கு எல்லாப் பாட்டும் 'ரீட் ஒன்லி'. பாடலாம், கைவைக்கக் கூடாது.

ஆங்கில ரைம்ஸை மட்டும் குற்றம் சொல்லி நழுவ முடியாது. தமிழ்ப் பக்கமும் அதே கதைதான். வங்கி வேலைக்கு நடுவில் குழந்தைகளுக்காகப் பாடல்களை எழுதிக் குவித்தார் அழ. வள்ளியப்பா. அப்படிப்பட்டவர்களின் பாடல்களை நாம் என்ன செய்தோம்? மனப்பாடப் பகுதி ஆக்கினோம். அடி பிறழாமல் எழுதினால் முழு மதிப்பெண், ஒரு சொல் மாறினால் சிவப்பு மை. தெருவில் விளையாடும்போது எந்தப் பிள்ளையும் ஒரு பாட்டை இரண்டு தடவை ஒரே மாதிரி பாடாது. நண்பன் பெயரைச் செருகும், பிடிக்காத மாமாவை வம்புக்கு இழுக்கும், வாத்தியாரைக் கிண்டல் செய்யும். அதுதான் பாட்டின் இயல்பு. பள்ளி வாசலில் அதைச் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைக்கச் சொல்கிறோம்.

*

இசை வேண்டும் என்பவர்கள் வழக்கமாக வைக்கும் வாதம் எனக்கு இன்னும் எரிச்சல் தருவது: 'மியூசிக் கத்துக்கிட்டா மூளை வளரும், மேத்ஸ் வரும்.' இதன் வேர்களில் ஒன்று 1993இல் நேச்சர் இதழில் வந்த ஒரு சின்னக் கட்டுரை. கல்லூரி மாணவர்கள் பத்து நிமிடம் மொசார்ட் கேட்டபின் ஒரு வகைப் புதிரில் கொஞ்சம் கூடுதலாக மதிப்பெண் எடுத்தார்கள். அந்த விளைவு கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. அதில் குழந்தைகளே கிடையாது. ஆனாலும் 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் செவ்வியல் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் கேட்டார். நம்மூர் கீபோர்டு வகுப்பு விளம்பரங்கள் இன்றும் அந்தப் புகையில்தான் குளிர்காய்கின்றன.

இதைவிட உறுதியான ஆய்வு ஒன்று இருக்கிறது. லினெட் பிராட்லி, பீட்டர் பிரையன்ட் என்ற இருவர் 1983இல், அதே நேச்சரில் எழுதியது. இன்னும் படிக்கத் தொடங்காத நான்கைந்து வயதுப் பிள்ளைகள் சுமார் 400 பேரைச் சோதித்துச் சில வருடங்கள் தொடர்ந்தார்கள். ஒலி ஒற்றுமையைக் காதால் பிடிக்கத் தெரிந்த பிள்ளைகள் பின்னால் நன்றாகப் படித்தார்கள். ஒலிகளைப் பிரித்து இனம் சேர்க்கப் பயிற்சி கொடுத்தபோது அதுவும் படிப்புக்கு உதவியது. மூளை பெரிதாகவில்லை, காது கூர்மையானது, அவ்வளவுதான். அவ்வளவு போதும்.

அது ஆங்கிலப் பிள்ளைகளைப் பற்றியது. நம் பிள்ளையின் காதுக்கு இரண்டு வேலை. ஆங்கில ரைம் வரியின் வாலில் காத்திருக்கிறது. தமிழின் எதுகை, மோனை வரியின் தலையில் நிற்கின்றன. இரண்டையும் கேட்டு வளரும் குழந்தை வரியை இரு முனையிலும் பிடிக்கக் கற்றுக்கொள்கிறது. இது ஒரு சொத்து. எந்தப் பாடத்திட்டமாவது இதைச் சொத்துக் கணக்கில் எழுதியிருக்கிறதா?

என் அக்கா மகள் இரண்டாம் வகுப்பு. ஒருநாள் பேருந்து தாமதமாகி, திட்டு வாங்கி வந்தவள் தானாக ஒன்றைக் கட்டிப் பாடிக்கொண்டிருந்தாள்:

"பஸ்ஸு லேட்டு, மிஸ்ஸு திட்டு."

கவனித்தீர்களா? பஸ்ஸு, மிஸ்ஸு: எதுகை. லேட்டு, திட்டு: இயைபு. யாப்பு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான்கில் மூன்று சொல் ஆங்கிலம். "இதையே முழுசா இங்கிலீஷ்ல பாடு பாப்போம்" என்றேன். யோசித்துவிட்டு, "பஸ் இஸ் லேட், மிஸ் இஸ் மேட்" என்றாள். தமிழ் எழுத்தில் இரண்டும் 'ட்'டில் முடிகின்றன. அவள் காதுக்கும் சரியாகத்தான் பட்டது. இரண்டையும் மெதுவாகச் சொல்லச் சொன்னேன். நாலைந்து தடவை சொன்னபின் அவளே நிறுத்தினாள். "மாமா, முன்னாடி வர்றது வேற ட், இது வேற ட். நடுவுலயும் வேற மாதிரி இருக்கு." கொஞ்ச நேரத்தில் திருத்தம் வந்தது: "பஸ் இஸ் லேட், மிஸ் அட் த கேட்!"

ஒரு உச்சரிப்புப் பாடம், ஒரு இலக்கணப் பாடம், ஒரு மொழிபெயர்ப்புப் பாடம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. காரணம் எளிது. அது அவளுடைய பாட்டு. சரியாக வர வேண்டும் என்ற கவலை அவளுடையது. இதே பிள்ளைக்கு இருபது ஆங்கில ரைம்ஸ் அபிநயத்தோடு தெரியும். அவற்றில் பாதிக்கு அர்த்தம் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இதுவரை வந்ததில்லை.

*

இங்கே தூய்மைவாதிகள் கை தூக்குவார்கள். 'கலப்பு மொழியைப் பள்ளியிலேயே ஊக்குவிக்கச் சொல்கிறாயா?' இன்னொரு பக்கம், தமிழ் பேசினால் அபராதம் போடும் தனியார் பள்ளிகள், அவர்களின் ஆங்கிலத் தூய்மையோடு. இரண்டு தரப்பும் ஒரே வகுப்பறையைத்தான் கட்டுகின்றன: பிள்ளை வாயைத் திறக்கப் பயப்படும் வகுப்பறை. 2011இல் 'கொலவெறி' பாட்டுக்கு ஊரே ஆடியது, அதன் தங்கிலீஷை ரசித்தோம். வடசென்னைக் கானாவில் தமிழும் ஆங்கிலமும் உருதுவும் தோளில் கை போட்டு நடக்கின்றன, அதைக் கலை என்கிறோம், சரிதான். அதே காரியத்தை இரண்டாம் வகுப்புப் பிள்ளை செய்தால் மட்டும் பிழை.

கலப்பு வரி ஒரு வரைவு. அதை வைத்துக்கொண்டு முழுத் தமிழில் ஒரு வரி, முழு ஆங்கிலத்தில் ஒரு வரி என்று கேட்கலாம். தாளம் மாறாது, தாளத்துக்குள் அடங்கும் சொல்லைத் தேட வேண்டும். அந்தத் தேடலில்தான் இரண்டு மொழியும் வளர்கின்றன. தாளம் இன்னொன்றும் செய்யும். 'இஸ்கூல்' என்று சொல்லும் பிள்ளையை எழுப்பி நிறுத்திச் சிரிக்காமல், கை தட்டச் சொல்லுங்கள். 'இஸ்கூல்' இரண்டு தட்டு, 'ஸ்கூல்' ஒரு தட்டு. வித்தியாசத்தைக் கை கண்டுபிடித்துக்கொள்ளும், முகம் சிவக்க வேண்டியதில்லை.

திருப்பூரிலும் சென்னையின் விளிம்புகளிலும் வீட்டில் ஒடியாவும் இந்தியும் பேசும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழே இரண்டாவது மொழி. அந்த வகுப்பில் சொற்கட்டை எடுத்துப் பாருங்கள். பாதிப் பேர் 'தகிட', பாதிப் பேர் 'தகதிமி'. ஒரே வேகத்தில் சொல்லிக்கொண்டே போனால் பன்னிரண்டில் இரண்டு அணியும் முடித்து மறுபடி ஒன்றாகத் தொடங்கும். மீச்சிறு பொது மடங்கு என்று பின்னால் பயமுறுத்தப்போவது இதைத்தான். அதைவிட முக்கியமானது, இந்தச் சொற்கள் யாருக்கும் வீட்டுப் பேச்சு அல்ல. வகுப்பில் எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து ஓடுகிற அபூர்வமான நேரம் அது.

எந்த இசை என்ற கேள்வியையும் தாண்டிப் போக முடியாது. இசை வகுப்பு என்றதும் கீபோர்டும் கர்நாடக சங்கீதமும் மட்டுமே நினைவுக்கு வருகிறதென்றால் அது சாதியின் ஞாபகம். சித்தப்பா பறையடிப்பதைப் பார்த்து அடிகளைப் பழகிய பிள்ளை அதே வகுப்பில் இருக்கலாம். தாள விஷயத்தில் அங்கே அவன்தான் வாத்தியார். அவன் அதை வெளியே சொல்லாமல் உட்கார்ந்திருப்பதும் நம் பாடத்திட்டம் கற்றுக்கொடுத்த பாடம்தான்.

*

'இதெல்லாம் பேச நல்லா இருக்கும், ஆள் எங்க?' நியாயமான கேள்வி. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை, நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் உண்டு. ஒன்று முதல் ஐந்துவரை கலைக்கு ஆளே கிடையாது. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்பையும் அவர்கள்தான் பார்க்க வேண்டும். மொழி காதில் நுழையும் வயதுக்கு இசை இல்லை என்று சட்டமே முடிவு செய்துவிட்டது. இதை மாற்றச் சொல்லிக் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் நான் சொல்வதற்குச் சங்கீதம் தெரிந்தவர் தேவையில்லை. நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வாசிக்கக் கற்றுக்கொடுத்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், 1963இல் வெளிவந்த 'டீச்சர்' என்ற புத்தகத்தில் தன் முறையைச் சொல்கிறார். புத்தகச் சொற்களை ஒதுக்கிவிட்டு, உனக்கு என்ன சொல் வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்டார்; பயத்திலிருந்தும் ஆசையிலிருந்தும் வந்த அந்தச் சொற்களை அட்டையில் எழுதிக் கொடுத்தார். பிள்ளைகள் அவற்றை மறக்கவில்லை. நம் டீச்சரும் இதைச் செய்யலாம். காலை உணவில் கிச்சடியா பொங்கலா என்று ஒரு கேள்வி வரி, பதில் வரியில் ஒரு காலியிடம். பிள்ளைகள் நிரப்பட்டும், எந்த மொழியிலானாலும். நன்றாக வந்ததைப் பலகையில் எழுதினால் அதுவே அன்றைய வாசிப்புப் பாடம். ஏற்கெனவே வாயில் இருக்கும் வரியைக் கண் தேடிப் படிக்கும். செலவு ஒரு சாக்பீஸ்.

இதற்கு முதல் எதிரி பணப் பற்றாக்குறை அல்ல, ஆண்டுவிழா. மூன்று மாத ஒத்திகை, வாடகை உடை, முன்வரிசையில் நன்றாக ஆடும் எட்டுப் பேர், பின்வரிசையில் மரமும் மேகமுமாக மிச்சப் பேர், ஸ்பீக்கரில் யாரோ பாடிய பாட்டு. பிள்ளைகள் வாயசைக்கிறார்கள். நாம் போனை உயர்த்திப் படம் பிடிக்கிறோம். ஏழு வயதில் வாயசைக்கப் பழகியவர்கள் இருபத்திரண்டு வயதில் என் நிறுவனத்துக்கு நேர்முகத் தேர்வுக்கு வருகிறார்கள். தமிழிலும் தயக்கம், ஆங்கிலத்திலும் மனப்பாடம். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால் யாரோ எழுதிய நான்கு வரி வருகிறது. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. சொந்தமாக ஒரு வரி சொல்லிப் பார்க்க அவர்களுக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை.

அடுத்த முறை ஆண்டுவிழா அழைப்பிதழ் வரும்போது தலைமையாசிரியரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'இன்னைக்குப் பாடப்போற பாட்டுல பிள்ளைங்க எழுதுன வரி எது?' ஒரு வரி இருந்தால் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுங்கள். இல்லையென்றால் போனைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, ஏன் இல்லை என்று கேளுங்கள்.