காயலான் கடை மிஷினும் 30 மீட்டர் நிழலும்

மொட்டைமாடி ரூம்ல குடியிருந்து டிகிரி வாங்கப் போராடும் ஜீவனா நீங்க? அப்போ இந்த வாரம் பேச்சு உங்களுக்குத்தான்.

எங்க ரூமுக்கு மேலே ஷீட் கூரை. மே மாசம் மத்தியானம் மூணு மணிக்கு ஃபேனைப் போட்டா, யாரோ தலைக்கு மேல ஹேர் டிரையரைப் பிடிச்ச மாதிரி இருக்கும். செமஸ்டருக்குப் படிக்கணும்னா பஸ் ஸ்டாண்டு பெஞ்சுதான் கதி. ஜன்னலுக்கு ஸ்கிரீன் போட்டுப் பார்த்தோம், பிரயோஜனம் இல்லை. வெயில் உள்ளே வந்ததுக்கு அப்புறம் மறைச்சு என்ன ஆகப்போகுது? ஷீட் சூடாகிறதுக்கு முன்னாடியே அதை வெளியிலயே தடுக்கணும். நர்சரி கார்டன்ல கட்டுவாங்களே, பச்சை வலை... அதைக் கூரைக்கு மேல கட்டுறதுன்னு முடிவாச்சு.

இங்கதான் சிக்கல். கடையில கிடைச்ச வலை 3 மீட்டர் அகலம். எங்க கூரையோ 4-க்கு 5 மீட்டர். ரெண்டு துண்டைச் சேர்த்துத் தைக்கணும். காத்துல கிழியாம இருக்க ஓரம் முழுக்க நாடா வெச்சு அடிக்கணும். கூட்டிப் பார்த்தா 30 மீட்டருக்கு மேல தையல்! தெருமுனை டெய்லர் வலையைத் தொட்டுப் பார்த்துட்டு, "இதைத் தச்சா என் மிஷின் போயிடும் தம்பி"ன்னு கும்பிடு போட்டார்.

விடுவோமா? காயலான் கடையில ஒரு பழைய கால்மிஷினைப் பிடிச்சோம். 1,500 ரூபாய், மூணு பேர் பங்கு. மாடிப்படியில தூக்கிட்டு வந்ததுக்கே ஒரு மெடல் கொடுக்கணும்.

சிங்கர் தையல் மிஷினுக்கு பேடன்ட் வாங்கினது 1851-ல. இயந்திர மோகத்தை எதிர்த்த காந்தியே 1924-ல தந்த ஒரு பேட்டியில சிங்கர் மிஷினுக்கு விலக்கு கொடுத்தார். அப்படிப்பட்ட மிஷின், எங்ககிட்ட மட்டும் ஒத்துழையாமை இயக்கம் நடத்திச்சு. சக்கரம் அசையவே இல்லை.

வேற வழி? அம்மாவுக்கு போன் போட்டேன். அம்மா ஊர்ல இருபது வருஷமா ஜாக்கெட் தைக்கிறாங்க. "மிஷினா? நீயா வாங்கினே? பட்டன் அறுந்தா சட்டையையே மாத்துற ஆளாச்சே!"ன்னு சிரிச்சுட்டு, "முன்னாடி வெச்சிருந்தவங்க தேங்காய் எண்ணெய் விட்டிருப்பாங்க, அது காஞ்சு பிசினாகி இருக்கும்"னாங்க. முகர்ந்து பார்த்தா, ஆமா!

மண்ணெண்ணெயைத் தொட்டு, இரும்போட இரும்பு உரசுற இடத்தை எல்லாம் துடைச்சோம். ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் மிஷின் ஆயில். பல்லுக்கு அடியில பஞ்சு, நூல், ஒரு ஹூக் எல்லாம் அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. சுத்தம் பண்ணதும் சக்கரம் சுத்துச்சு. ஆனா ஊசி இறங்கலை. "சக்கரத்துக்கு நடுவுல இருக்கிற திருகை இறுக்குடா"ன்னாங்க. பாபின்ல நூல் சுத்தும்போது ஊசி ஓடாம இருக்க அதைத் தளர்த்துவாங்களாம். அதுவும் ஆச்சு.

பெல்ட் வழுக்குச்சா? அரை இஞ்ச் வெட்டி மறுபடி கிளிப் போட்டோம். மிதிச்சா மிஷின் பின்னாடி ஓடுது. அதுக்கு மருந்து கிடையாது, பழக்கம்தான். நூல் கோர்க்காம, சக்கரத்தைக் கையால நம்ம பக்கமா சுத்திவிட்டு, அரை மணி நேரம் சும்மா மிதிச்சுப் பழகுங்க.

அப்புறம் முதல் தையல். மேலே பார்த்தா அழகு, திருப்பிப் பார்த்தா குருவிக்கூடு! அடியில சிக்கினதால நான் பாபினையே நோண்டிக்கிட்டு இருந்தேன். போனை ஸ்பீக்கர்ல போட்டு மிதிச்சுக் காட்டினேன். சத்தத்தைக் கேட்டதும் அம்மா சொன்னாங்க: "கீழே சிக்கினா தப்பு மேல் நூல்ல. பாதத்தைத் தூக்கி வெச்சுட்டுக் கோரு. இறக்கி வெச்சா டென்ஷன் தகடு மூடிக்கும், நூல் உள்ளே போகாது." ஒரே நிமிஷத்துல குருவிக்கூடு காலி. பாஸ், 200 கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துக்கிட்டு காதாலயே ரிப்பேர் பண்றாங்க. நான் என்னமோ இன்ஜினீயரிங் படிக்கிறேனாம்!

நீங்களும் இறங்கப் போறீங்கன்னா இதையும் கேட்டுக்குங்க. தையல் விட்டு விட்டு விழுந்தா முதல்ல ஊசியை மாத்துங்க, விலை கம்மி. ஊசியில நீளமா ஒரு குழி இருக்கும், நூலை அந்தப் பக்கத்துல இருந்துதான் கோர்க்கணும். தட்டையான பக்கம் அதுக்கு எதிர்ப்புறம் வரும். வலைக்கும் நாடாவுக்கும் 18-ம் நம்பர் ஊசி, பாலியஸ்டர் நூல். பருத்தி நூல் வெயில்லயும் மழையிலயும் சீக்கிரம் இத்துப்போகும். தையலைப் பொடிசா வைக்காதீங்க, ஓட்டை ஓட்டையா விழுந்து அந்தக் கோட்டுலயே கிழியும். பெரிய தையலா ரெண்டு வரிசை அடிங்க.

கட்டும்போது, சத்தியமா, ஷீட் மேல ஏறாதீங்க. உடைஞ்சா நேரா ரூமுக்குள்ள லேண்டிங்தான். நாலு மூலையில பைப் நட்டு, ரெண்டு பக்கமும் கயிறு வீசி இழுத்தோம். வலைக்கும் ஷீட்டுக்கும் நடுவுல ஒரு அடி இடைவெளி, காத்து போய்வரணுமே. மேற்குப் பக்கம் மிச்சத்தைத் தொங்கவிட்டதுல ஜன்னலுக்கும் நிழல் கிடைச்சுது. ஊட்டி ஆகிடலை. ஆனா ஃபேன்ல இருந்து காத்து காத்தாவே வருது, மத்தியானம் ரூம்லயே உட்கார்ந்து படிக்க முடியுது.

அன்னிக்கு ராத்திரி அம்மாகிட்ட பெருமையா சொன்னேன்: "நாலு மணி நேரம் மிதிச்சேம்மா. கெண்டைக்கால் ரெண்டும் கழண்டு போச்சு."

"நாலு மணி நேரத்துக்கேவா?"ன்னு சிரிச்சாங்க.

எனக்குச் சிரிப்பு வரலை. பத்தாவதுல இருந்து என் ஃபீஸ் எல்லாம் அந்த மிதியில வந்தது. தூங்கும்போது கேட்குற அந்த 'கடகட' சத்தத்துக்காக அம்மாகிட்ட சண்டை போட்டிருக்கேன். கால் வலிக்குதான்னு ஒரு நாளும் கேட்டதில்லை.

இந்த லீவுல ஊருக்குப் போறேன். அம்மா மிஷினுக்கு மோட்டார் மாட்டுறதுதான் முதல் வேலை. உங்க வீட்டுலயும் மூலையில ஒரு மிஷின் இருக்கா? போய் உட்கார்ந்து பத்து நிமிஷம் மிதிச்சுப் பாருங்க. மீதியை அடுத்த வாரம் பேசுவோம்!