லாவாவுக்கு ஓர் எல்லை வேண்டும்

இலக்கியம் பேசும் இவ்விடத்தில் மைன்கிராஃப்ட் என்னும் கணினி விளையாட்டைப் பற்றி எழுதப் புகுவது அன்பர்கள் சிலருக்கு முகச்சுளிப்பைத் தரலாம். பொறுத்தருள்க. நம் வீட்டில் இரு வாரங்களாக நீடிக்கும் ஒரு பிணக்கே இதற்குக் காரணம்.

ஏழாம் வகுப்பில் பயிலும் நம் மகளும், பத்தாம் வகுப்பில் பயிலும் அவளுடைய பெரியப்பா மகனும் ஒரே உலகில் கட்டடம் எழுப்பி விளையாடுபவர்கள். விடுமுறை முழுதும் அவள் மரத்தால் ஒரு நூலகம் கட்டினாள். நடுவில் ஒளிக்காக லாவாக் குண்டம் ஒன்றை அமைத்தாள். (எரிமலைக்குழம்பு என்று நாம் திருத்தியபோது, "குழம்பா?" என்று இருவரும் சிரித்தார்கள். ஆகவே லாவா என்றே எழுதுகிறோம்.) நான்கு பக்கமும் அடியிலும் கல் வைத்தவள், மேலே தாழ்ந்த மரக்கூரை இருப்பதை எண்ணவில்லை. லாவா மரத்தைத் தொட்டாக வேண்டும் என்பதில்லை; அருகில் இருந்தாலே பற்றவைத்துவிடும். நூலகம் எரிந்தது. அண்ணன் உடனே விதிகளுள் நுழைந்து, நெருப்புப் பரவுவதையே நிறுத்திவிட்டான். அத்தோடு நின்றிருந்தால் நாமும் வாளாவிருந்திருப்போம். உலைக்கு எரிபொருள் குறையாதிருக்க, லாவா தானே ஊறும்படியும் மாற்றிவிட்டான். அன்றுமுதல் அவள் அவ்வுலகத்துள் அடியெடுத்து வைப்பதில்லை.

இந்த இரண்டாம் மாற்றம் ஏன் பெரிது என்பதை உணர, அங்கே நீர்மங்கள் ஒழுகும் முறையை அறிதல் வேண்டும். ஓர் ஊற்றிலிருந்து நீர் சமதரையில் 7 பிளாக் தொலைவு ஓடும். லாவா 3 பிளாக்கோடு நின்றுவிடும்; அதுவும் நீரினும் ஆறு மடங்கு மெதுவாக. இரண்டு ஊற்றுகளுக்கு நடுவே ஓரிடம் வெறுமையாக இருந்தால் நீர் அதனையும் ஊற்றாக்கிக்கொள்ளும். எனவே இரு வாளி நீரைக் கொண்டே வற்றாத கிணறு அமைக்கலாம். லாவா அப்படியன்று, முகந்தால் குறையும். நெதர் என்னும் கீழுலகிலோ முறை தலைகீழ். அங்கே லாவா 7 பிளாக் விரைந்தோடும். ஊற்றிய நீர் ஆவியாகிப் போகும்.

தொடக்கத்தில் இந்த அடக்கம் இருந்ததில்லை. சுவீடனைச் சேர்ந்த மார்கஸ் பெர்சன் 2009-இல் வெளியிட்ட ஆரம்ப வடிவத்தில் இரு நீர்மங்களும் இடமுள்ள மட்டும் பரவின. ஒருவர் கைதவறி ஊற்றினால் பலர் கட்டியவை மூழ்கும். எல்லை பின்னர் வந்தது. நீர் ஊறுவதையும் லாவா ஊறுவதையும் தனித்தனியே மாற்றும் விதிகள் ஜாவா பதிப்பில் 2022 டிசம்பரில், 1.19.3-இல் சேர்க்கப்பட்டன. யாரும் கைவைக்காத உலகில் நீர் ஊறும், லாவா ஊறாது. அது அப்படியே இருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

ஒரு வாளி லாவா உலையில் 100 பொருள்களைச் சுடும் என்பது அண்ணனின் வாதம். மெய்தான். ஆனால் சுரங்கத்தில், அதிலும் வைரம் கிடைக்கும் ஆழத்தில், லாவாக் குளங்கள் குறுக்கிடும். வாளி வாளியாக முகந்து அவற்றை வெறுமையாக்கலாம் என்ற ஒரு வழியை இவ்விதி அடைத்துவிடுகிறது. முகந்த இடம் மீண்டும் நிரம்பும். எரிபொருள்தான் வேண்டுமெனில், 2021-இல் வந்த 1.17 பதிப்பு முதலே வேறு வழி உண்டு. லாவாவைத் தாங்கும் பிளாக்கின் அடியில் கூரிய சொட்டுக்கல்லைத் தொங்கவிட்டு, அதன்கீழ் கொப்பரை வைத்தால் அது சொட்டுச் சொட்டாக நிறையும். காத்திருக்க வேண்டும், அவ்வளவே. பத்தாம் வகுப்பு மாணவனுக்கு அது இயலாதா?

நெருப்பை நிறுத்தியதை நாம் முதலில் குறைகூறவில்லை. பலர் கூடும் பொது உலகங்களில், பிறர் வீட்டின்மேல் வேண்டுமென்றே லாவா ஊற்றுவோர் உண்டு. அவர்களுக்கு அஞ்சி அவ்வுலகங்களை நடத்துவோர் பலரும் இவ்விதியைக் கையாள்கிறார்கள். சிலர் லாவா வாளியையே தடை செய்கிறார்கள். ஆதலால் மகளிடம், "அண்ணன் உன் நன்மைக்குத்தானே செய்தான்?" என்றோம்.

"எரிஞ்சது என் தப்புப்பா. கல்லுல கூரை போட்டு மறுபடி கட்டலாம்னு இருந்தேன். இப்போ எதுல கட்டினாலும் ஒண்ணுதானே? என்னை ஒரு வார்த்தை கேட்டானா அவன்?"

இதற்கு நம்மிடம் விடையில்லை. பொது உலகத்து அந்நியர்களுக்காக வகுத்த காவலை, இருவரே வாழும் ஓர் உலகத்துக்குப் பொருத்திப் பேசியது நம் பிழை. எரிந்தது அவளுடைய நூலகம். அதனை அடுத்து எவ்வாறு கட்டுவது என்று அவள் முடிவு செய்தும் இருந்தாள். அம்முடிவைத்தான் அவன் பொருளற்றதாக்கிவிட்டான், அன்பினால்தான் என்றாலும்.

லாவா விதியை அவன் நேற்று பழையபடி திருப்பிவிட்டான். நெருப்பைப் பற்றி ஞாயிறன்று இருவரும் நேரில் பேசுவதாக இருக்கிறார்கள். கூரைக்கு எந்தக் கல் என்று அவள் இப்போதே ஏட்டில் வரைந்துகொண்டிருக்கிறாள்.